கல்லூரி மாற்றத் தடை: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு மாணவியின் திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும், அதன் இளநிலை மருத்துவக் கல்வி வாரிய உறுப்பினர்களுக்கும்,

2023 ஜூன் மாதம் தாங்கள் வெளியிட்ட இளநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளில் கல்லூரி மாற்றத்தைப் பற்றிய பகுதி மிகச் சிறியது. ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்ட எம்.பி.பி.எஸ். மாணவர் வேறெந்தக் கல்லூரிக்கும் மாற்றம் கோரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நோய், ஊனம், குடும்பத்தில் மரணம், கல்லூரியின் தரக்குறைவு என எந்தக் காரணத்துக்கும் அதில் விலக்கு இல்லை. இந்தத் தடை நீதிமன்றங்களில் கேள்விக்குள்ளாகியிருப்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வழக்குகளின் முடிவு எதுவாக இருப்பினும், வழக்கறிஞர் வைத்து வாதாட வசதியுள்ள ஒரு சிலருக்கு மட்டும் கிடைக்கும் நிவாரணம் ஒரு விதியின் இடத்தை நிரப்பிவிடாது. மாணவர் எவரும் நீதிமன்றப் படியேறாமலேயே பயன்படுத்தக்கூடிய ஒரு நேர்மையான மாற்ற முறையை ஆணையமே வகுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அகமதிப்பீட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறாதவர் பல்கலைக்கழகத் தேர்வெழுத முடியாது என்பது தங்கள் விதி. அந்த மதிப்பெண்ணைப் போடுவது என் கல்லூரி. பெயரை மறைப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

முதலாண்டில் உடற்கூறியல் கூடத்தில் ஒவ்வொரு மேசையையும் சுற்றி மூன்று வரிசைகளாக நின்றோம். முன்வரிசையில் இருந்தவர்கள் கத்தியைப் பிடித்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். வரிசை எண்ணின்படி பின்னால் நிறுத்தப்பட்ட நாங்கள் ஃபார்மலின் வாடையை மட்டும் கோட்டில் சுமந்துகொண்டு விடுதிக்குத் திரும்பினோம். பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புப் பின்னல் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பதை நான் தெளிவாகப் பார்த்தது கைப்பேசித் திரையில் ஓடிய காணொளி ஒன்றில்தான். அதே காணொளியைக் கல்லூரியில் சேராமலேயே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு நிலைமை மேலும் தெளிவாயிற்று. 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும், அவற்றில் 80 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன தாங்கள் 2023இல் வகுத்த குறைந்தபட்சத் தர அளவுகள். அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 484 உள்நோயாளிகள் இருந்தாக வேண்டும். எங்கள் மருத்துவமனையில் பல வார்டுகள் பெரும்பாலான நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. பொது மருத்துவப் பிரிவில் எங்கள் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) நடந்தபோது, இருந்த சில நோயாளிகளையே ஒவ்வொரு அணியும் மாறி மாறிப் பரிசோதித்ததில், இதய வால்வுக் கோளாறு கொண்ட ஒரு முதியவர் எங்களைக் கண்டதும் தாமாகவே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிடுவார். அவரிடம் கற்றுக்கொண்டதற்காக நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரே இதயத்தின் ஒலியைக் கேட்டு ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவாக முடியாது.

ஆய்வுக் குழு வரப்போகிறது என்ற செய்தி பரவிய வாரத்தில் மட்டும் பூட்டிய வார்டுகள் திறந்தன. கட்டில்களுக்குப் புதிய விரிப்புகள் வந்தன. சுற்றுவட்டாரத்திலிருந்து வேன்களில் ஆட்களும் வந்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட கட்டிலில் நடுத்தர வயதுடைய ஓர் அம்மா படுத்திருந்தார். வயிற்றுவலி என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா என்று புத்தகத்தில் உள்ள வரிசைப்படியே கேட்டேன். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா, சாயந்தரம் வரைக்கும் படுத்திருக்கச் சொன்னாங்க. வேன் எத்தன மணிக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவருடைய புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் கீழே ஊசி எதுவும் இல்லை. அந்தக் கேஸ் ஷீட்டில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மறுநாள் காலை வரைக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன.

இதைப் படிக்கும் தங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 2025ஆம் ஆண்டு சி.பி.ஐ. பதிவுசெய்த வழக்கில், போலி ஆசிரியர்கள், ஆய்வுக்காக அழைத்துவரப்பட்ட பொய் நோயாளிகள், முன்கூட்டியே கசியவிடப்பட்ட ஆய்வுத் தேதிகள் என நான் கண்ட காட்சிகளின் வகையைச் சேர்ந்த குற்றச்சாட்டுகளே எழுந்தன; அதில் சேர்க்கப்பட்டவர்களில் மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்யச் சென்றவர்களும் இருந்தார்கள். அதற்கும் முன்பே, 2022-23ஆம் ஆண்டில் தங்கள் ஆணையம் 246 கல்லூரிகளை மதிப்பிட்டபோது, பெரும்பாலானவற்றில் ஆசிரியர்கள் பலர் பட்டியலில் மட்டுமே இருக்கிறார்கள், அல்லது போதிய ஆசிரியர்களே இல்லை என்று கண்டறிந்தது. நோய் இன்னதென்று ஆணையமே எழுதிவைத்திருக்கிறது. அந்த நோயுள்ள கல்லூரிகளில் மாட்டிக்கொண்ட மாணவர்களுக்கு என்ன சிகிச்சை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

லாக் புக்கை, அதாவது மாணவரின் பயிற்சிப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். 2019இல் தொடங்கிய திறன்சார் பாடத்திட்டத்தின்படி, ஒவ்வொரு திறனையும் மாணவர் செய்து காட்டி, ஆசிரியர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். படிக்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் பாடத்திட்டம் அது. எங்கள் கல்லூரியில் அந்தக் கையொப்பங்கள் ஒரே மாலையில், ஒரே பேனாவால், மாதக்கணக்கான தேதிகளுக்கு மொத்தமாக இடப்படுகின்றன. நான் செய்யாத செயல்முறைகளை நான் செய்ததாக என் லாக் புக் சொல்கிறது. நாளை அதை நம்பி என் முன்னால் கை நீட்டப்போகும் நோயாளிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

இக்கல்லூரியில் நல்ல ஆசிரியர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நோய்க்குறியியல் துறையில் ஒருவர் இருக்கிறார். துறையில் சிலைடுகள் போதவில்லை என்பதால் தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த சொந்தச் சிலைடுப் பெட்டியைக் கொண்டுவந்து, மதிய உணவு நேரத்தில்கூட நுண்நோக்கியருகே அமர்ந்து சொல்லித்தருவார். பட்டியலில் உள்ள மற்றவர்கள் வராததால் நான்கு பேரின் வகுப்புகளையும் அவரே எடுக்கிறார். அவரைப் போன்றவர்கள் இருப்பதால் கல்லூரி இயங்குகிறது. அவர்களை நம்பித்தான் பட்டியல் ஆசிரியர்களும் பிழைக்கிறார்கள்.

"விசாரித்துச் சேர்ந்திருக்க வேண்டியதுதானே?" என்று வீட்டிலும் வெளியிலும் எங்களிடம் கேட்டுவிட்டார்கள், ஆணையத்தின் தடையும் மறைமுகமாக அதையேதான் கேட்கிறது. விசாரித்துத்தான் சேர்ந்தோம். கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த எங்களுக்குக் கிடைத்தது சில நாட்கள். அந்த நாட்களில் எங்கள் கைக்கு எட்டிய தகவல்கள் கட்டணம், முந்தைய ஆண்டின் கட்-ஆஃப், வீட்டிலிருந்து தொலைவு ஆகியவை மட்டுமே. மீதியெல்லாம் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொன்ன கதைகளும், பணம் வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டுத்தரும் ஆலோசகர்களின் காணொளிகளும்தாம். அப்பாவும் நானும் கல்லூரிக்கு நேரிலேயே போனோம். நூலகத்தைக் காட்டினார்கள், குளிரூட்டப்பட்ட அரங்கைக் காட்டினார்கள், விடுதி அறையைக் காட்டினார்கள். வார்டைப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, நோயாளிகளின் தனியுரிமை கருதி வெளியாட்களை விடுவதில்லை என்றார்கள். அந்தப் பதிலில் அப்போது எங்களுக்கு மரியாதைதான் தோன்றியது.

எங்களுக்குத் தெரிய வழியில்லாத அந்த விவரங்கள் தங்களிடம் இருந்தன. ஆசிரியர்களின் வருகை ஆதாருடன் இணைந்த பதிவு முறையின் வழியாக ஆணையத்துக்கு வந்து சேர்கிறது. 2025 மே மாதம் முதல் முகப்பதிவு முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தன் வசதிகளைப் பற்றிய உறுதிமொழி அறிக்கையைத் தங்களிடம் தாக்கல் செய்கிறது. மருத்துவ நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்தி, அம்முடிவுகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது மதிப்பீட்டு வாரியத்தின் கடமை என்று தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன் 26ஆம் பிரிவு சொல்கிறது. நான் விருப்பப் பட்டியலை நிரப்பிய நாளில் கலந்தாய்வுத் தளத்தில் எந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரிலும் அப்படியொரு மதிப்பீடு இல்லை. தகவலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தகவல் இல்லாமல் எடுக்கப்பட்ட முடிவை ஐந்தரை ஆண்டுகளுக்கு மாற்ற முடியாததாக ஆக்குவது எந்த நியாயத்தின்படி சரி என்று பணிவுடன் கேட்கிறேன்.

நாடு முழுவதும் நுழைவுத் தேர்வு ஒன்றே, அது நீட். பாடத்திட்டம் ஒன்றே, அது தாங்கள் வகுத்த திறன்சார் பாடத்திட்டம். படித்து முடித்து வெளியேறுவதற்கும் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு ஒன்றே இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அது நடைமுறைக்கு வரத் தாமதமானாலும் ஆணையத்தின் நோக்கம் அதுதான். உள்ளே வரும் அளவுகோலும், இடையில் படிக்கும் பாடமும், வெளியே போகும் அளவுகோலும் அனைவருக்கும் பொதுவானவையாக இருக்க, இடையில் கிடைக்கும் பயிற்சி மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. பாடத்திட்டங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபட்ட காலத்தில், மாணவர் இடம் மாறினால் படிப்பின் தொடர்ச்சி அறுபடும் என்ற வாதத்துக்குப் பொருள் இருந்தது. அந்தக் காலத்தில்தான் மாற்றம் அனுமதிக்கப்பட்டது; வேறுபாடுகள் நீங்கிய பிறகு தடுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தலைகீழ் நிலைக்கு ஆணையத்தின் விளக்கத்தை நான் எங்கும் காணவில்லை.

முந்தைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிகளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்னர் திருத்தப்பட்ட வடிவில், முதல் தொழில்முறைத் தேர்வில், அதாவது முதலாண்டுப் பல்கலைக்கழகத் தேர்வில், தேறிய மாணவர் தகுந்த காரணம் காட்டி, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்றும், சேர விரும்பும் கல்லூரியில் காலியிடம் இருக்க வேண்டும் என்றும், ஒரு கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கையில் 5 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் கூடாது என்றும், ஒரே நகரத்துக்குள் மாறக் கூடாது என்றும் அவை வரையறுத்தன. கிளினிக்கல் படிப்பு, அதாவது நோயாளிகளிடம் நேரடியாகக் கற்கும் படிப்பு, தொடங்கிய பிறகு மாற்றம் கிடையாது என்பதும் அவற்றில் இருந்தது. இவ்வளவு வேலிகள் போட்ட ஒரு வழியைச் சீர்செய்து தக்கவைத்திருக்கலாம். அதை முற்றாக அடைத்தது தேவையற்றது.

மாணவர்களை இடம் மாற்றுவது நடைமுறையில் இயலாத காரியம் என்றும் சொல்ல முடியாது. புதிய கல்லூரி தொடங்க மாநில அரசு தரும் அவசியச் சான்றிதழிலேயே, அந்தக் கல்லூரி வசதிகளை ஏற்படுத்தத் தவறிச் சேர்க்கை நிறுத்தப்பட்டால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை மாநில அரசு ஏற்கும் என்ற உறுதிமொழி இருக்கிறது. அப்படி மாணவர்கள் பிற கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில்தான் முழுப் படிப்பையும் முடிக்க வேண்டும் என்ற தங்கள் 2021ஆம் ஆண்டு விதி இருந்தும், அந்த மாணவர்கள் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையம் ஆட்சேபணையின்மை தெரிவித்தது. மனிதாபிமானமான முடிவு அது. ஆக, கல்லூரி முழுவதுமாகச் செத்தால் மாணவருக்கு வழி உண்டு. எல்லைக்கு வெளியே குண்டு விழுந்தாலும் வழி உண்டு. கல்லூரி பெயருக்கு உயிரோடிருந்து பாடம் நடத்தாமல் இருந்தால் மட்டும் வழி இல்லை.

தரக்குறைவான கல்லூரிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் வந்த தங்கள் ஒழுங்குமுறை சொல்கிறது. விதியுங்கள், வேண்டாம் என்று எந்த மாணவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பணத்தால் எங்கள் வார்டில் ஒரு நோயாளிகூடக் கூடப்போவதில்லை. ஓடாத பேருந்தின் முதலாளிக்கு அபராதம் போட்டுவிட்டு, பயணிகள் மட்டும் இறங்கக் கூடாது என்று சொல்வதைப் போன்றது இது.

மாற்றம் வேண்டுவோர் எல்லோரும் என்னைப் போலக் கல்லூரியின் தரம் பற்றிய குறையோடு வருபவர்கள் அல்லர். என் வகுப்பிலேயே ஒருவனுடைய தந்தை முதலாண்டுத் தேர்வுக்கு முன் இறந்துவிட்டார். வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயை வேறொரு மாவட்டத்தில் தனியே விட்டுவிட்டுப் படிக்கிறான். மாற்றம் கேட்டு எழுதிய அவனுக்கு, விதியில் இடமில்லை என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. மூத்த மாணவர்கள் சிலர்மீது ராகிங் புகார் கொடுத்த மாணவி ஒருவர், புகார் விசாரிக்கப்பட்டுச் சிறிய தண்டனையோடு முடிந்த பிறகு, அதே விடுதியின் அதே உணவுக்கூடத்தில் அவர்களோடு வரிசையில் நிற்கிறார். ராகிங் தடுப்புக்கென்று 2021இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்த ஆணையம், புகார் கொடுத்தவர் வெளியேற விரும்பினால் எங்கே போவார் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

எங்களுக்கு இன்று திறந்திருக்கும் வழி ஒன்றே. படிப்பை முறித்துக்கொண்டு, லட்சக்கணக்கில் இடைநிற்றல் தொகை கட்டி, கடனைச் சுமந்துகொண்டு, மீண்டும் நீட் எழுதி, முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். தேறிய உடற்கூறியலையும் உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் தேறாதவையாக்கிக்கொண்டு போக வேண்டும். நாட்டின் ஒரு மருத்துவ இடமும் வீணாகும். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்ட கல்விக் கடன் உள்ள வீட்டில் இந்த வழியைப் பற்றிப் பேசக்கூட முடியாது. பேச முடியாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்குத் தங்கள் ஆவணமே சாட்சி: மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள்; 16.2 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகக் கூறியிருந்தார்கள். இத்தனைக்கும் கல்லூரி மாற்றத் தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வெளியேறும் வழியே இல்லை என்ற நினைப்பு ஒரு மாணவரை என்ன செய்யும் என்பதை மனநல மருத்துவம் கற்பிக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாற்றத்தை அனுமதித்தால் முறைகேடு நடக்கும் என்பது தடையை ஆதரிப்போரின் முதன்மையான வாதம். அதில் உண்மை இருக்கிறது. இரு கல்லூரிகளும் இரு பல்கலைக்கழகங்களும் தர வேண்டிய தடையின்மைச் சான்றிதழ்களை நம்பியிருந்தது பழைய முறை. கையொப்பத்துக்கு அதிகாரம் உள்ள இடத்திலெல்லாம் அதற்கு விலை பேசவும் வாய்ப்பு உண்டு. குறைந்த தரவரிசை பெற்றவர் பின்வாசல் வழியாகப் பெரிய அரசுக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுவார் என்ற அச்சமும் நியாயமானதே. எனக்கு மேலே மதிப்பெண் பெற்ற ஒருவரைத் தாண்டி அரசுக் கல்லூரியில் இடம் பிடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இந்த அச்சங்கள் கையொப்பங்களை ஒழிப்பதற்கும், மாற்றத்தைத் தரவரிசையோடு கட்டுவதற்கும்தான் காரணமாகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு இணையவழியில் வெளிப்படையாகக் கலந்தாய்வு நடத்தும் நாட்டுக்கு, சில நூறு பேரின் மாற்றத்தை அதே முறையில் நடத்துவது கடினமான வேலை அன்று.

பலவீனமான கல்லூரிகள் காலியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 5 விழுக்காட்டு வரம்பு இருக்கையில் அப்படி ஆகாது. ஒரு கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் அந்த வரம்பு முழுவதும் நிரம்பும் அளவுக்கு விண்ணப்பங்கள் குவிந்தால், எந்த வேனும் நிரப்ப முடியாத ஓர் ஆய்வு அறிக்கை செலவில்லாமல் தங்கள் மேசைக்கு வந்துவிடும். 2014இல் 387ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் இன்று 780ஐத் தாண்டிவிட்ட நிலையில், ஆய்வாளர்களை அனுப்பி மட்டும் அத்தனையையும் கண்காணிக்க முடியும் என்று ஆணையமே நம்பாது.

எனவே, கீழ்க்கண்டவற்றை ஆணையத்தின் முன் வைக்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் உள்ள முழுத் தடைக்குப் பதிலாக, முதல் தொழில்முறைத் தேர்வு முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் இணையவழியில் நடக்கும் மாற்றக் கலந்தாய்வு ஒன்றை விதியாக அறிவிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக் காலியிடங்கள் கல்லூரிவாரியாக முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். நீட் தரவரிசையும் முதலாண்டுத் தேர்ச்சியும் மட்டுமே அடிப்படையாக இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர் அரசுக் கல்லூரிக்கும், தனியார் கல்லூரி மாணவர் தனியார் கல்லூரிக்கும், அவரவர் ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளேயே மாறலாம் என்று வரையறுத்தால் தகுதி பற்றிய சந்தேகம் எழாது. தடையின்மைச் சான்றிதழ் என்ற ஏற்பாட்டையே நீக்கிவிட வேண்டும். மாறிச் செல்பவரிடம் எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்பதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதும் தண்டனைக்குரியவை என்று அதே விதியில் எழுதப்பட வேண்டும்.

உடல்நலக் குறைவு, ஊனம், பெற்றோர் மரணம், ராகிங் அல்லது பாலியல் துன்புறுத்தல் ஆகிய காரணங்களுக்குக் கால வரம்பும் காலியிட நிபந்தனையும் பொருந்தக் கூடாது. இவற்றுக்குக் கல்லூரியோடு தொடர்பில்லாத ஒரு குழு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேவையானால் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் மிகை இடம் உருவாக்கி, கிளினிக்கல் ஆண்டுகளிலும் மாற்றம் தர வேண்டும்.

எந்தக் கல்லூரிக்கு ஆணையம் அபராதம் விதிக்கிறதோ, எதன் இடங்களைக் குறைக்கிறதோ, அந்தக் கல்லூரியின் மாணவர்கள் விரும்பினால் அந்த ஆண்டே மாறிக்கொள்ளும் உரிமை தானாகவே கிடைக்க வேண்டும். அபராதத் தொகையின் ஒரு பகுதி அவர்களுடைய மாற்றச் செலவுக்குப் போக வேண்டும்.

சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறும் மதிப்பீடுகளை அடுத்த கலந்தாய்வின் விருப்பப் பதிவு தொடங்குமுன் கலந்தாய்வுத் தளத்திலேயே வெளியிட வேண்டும். துறைவாரியாக ஆசிரியர்களின் உண்மையான வருகை, மாதவாரியாக நிரம்பிய படுக்கைகள், பிரசவங்களின் எண்ணிக்கை, அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை, முதலாண்டு மாணவர்களுக்கு எத்தனை உடல்கள் கூறாய்வுக்கு உள்ளன, கல்லூரி பெற்ற அபராதங்கள் ஆகியவை ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கு எதிரிலும் இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் ஒருவர் ஐந்தரை ஆண்டுகளை ஒப்படைக்கும் முன் பார்க்க வேண்டிய குறைந்தபட்ச விவரங்கள் இவை.

ஆய்வின்போது மாணவர்களைத் தனியே சந்திக்க வேண்டும். கல்லூரி தேர்ந்தெடுத்து அனுப்பும் மாணவர்களை அன்று, வருகைப் பதிவேட்டிலிருந்து ஆணையம் குலுக்கலில் எடுக்கும் மாணவர்களை. அவர்கள் சொல்வது கல்லூரியின் காதுக்குப் போகாமல் காக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எதையேனும் ஏற்க இயலாது என்று ஆணையம் முடிவு செய்தால், அதற்கான காரணத்தை ஆணையத்தின் இணையதளத்தில் எழுத்து வடிவில், வாரிய உறுப்பினர்களின் ஒப்பத்தோடு, அடுத்த தொகுதி மாணவர்கள் விருப்பப் பட்டியலை நிரப்பத் தொடங்கும் முன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி